வீட்டுப் பேச்சும் பள்ளிக்கூடப் பேச்சும்

"நம்ம புள்ள வீட்டுல பேசுறது ஒண்ணு, பள்ளிக்கூடத்துல எழுதுறது ஒண்ணுங்க. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டு ரெண்டுமே வராமப் போயிருமோன்னு பயமா இருக்கு."

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தாய் எங்களிடம் சொன்ன வார்த்தை இது. இவருடைய மூத்த பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறது. தோட்டப் பாடசாலை ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தமிழில் படிக்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சிங்களப் பாடசாலையோ பக்கத்து நாட்டில், நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கணவர் "சிங்களத்தில போடு, நாளைக்கு வேலைக்கு உதவும்" என்கிறார். மாமியார் "நம்ம பேச்சே மறந்து போயிரும்" என்கிறார். நடுவில் தாய் நிற்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. களுத்துறை, இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறை மாவட்டத் தோட்டங்களில் பல லயங்களில் இதே பேச்சு நடக்கிறது. நுவரெலியா, பதுளைப் பக்கத்திலும் கேட்கிறது. ஆகவே வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் இன்னொரு மொழியுமாகப் பிள்ளை வளர்வது என்றால் என்ன, அதில் பயப்பட வேண்டியது எது, பயப்படத் தேவையில்லாதது எது என்பதை இந்த இதழில் விளக்கமாகப் பார்ப்போம்.

பெரியமடுப் பிள்ளைகள்

முதலில் மலையை விட்டு இறங்கி மன்னார்க் கரைக்குப் போவோம். அந்தக் கரை நமக்குப் புதிய இடம் அல்ல. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து கால் வைத்த மண் அது. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் நாம். 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு வந்தவர்களும் அந்த வழியாகவே வந்தார்கள். நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போனது பலருக்கு நினைவிருக்கும்.

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பரப்பில், மாந்தை மேற்குப் பிரிவில் இருக்கிறது பெரியமடு. குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இந்தப் பகுதி முஸ்லிம் குடும்பங்களும் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். போகும்போது கைக்குழந்தையாக இருந்தவர், திரும்பும்போது தன் கையில் ஒரு குழந்தையோடு திரும்பினார்.

அந்தக் காலத்தில் புத்தளத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உம்மாவும் வாப்பாவும் பேசுவது மன்னார்த் தமிழ். தெருவில் கூட விளையாடும் பிள்ளைகள் பேசுவது புத்தளத்துத் தமிழ். பாடப் புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். குர்ஆன் மத்ரஸாவில் ஓதுவது அரபு. சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழுவது சிங்களம். பள்ளியில் ஒரு பாடமாக ஆங்கிலம். பத்து வயதுப் பிள்ளைக்கு இத்தனையும் ஒரே நாளில் வந்து போகின்றன. தகப்பன் மன்னாரில் வயல் பார்க்க, பிள்ளைகள் புத்தளத்தில் படிக்க என்று இரண்டு இடத்திலும் கால் வைத்து வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. அப்படியான வீட்டுப் பிள்ளை பள்ளியை மாற்றும்போதெல்லாம் பேச்சையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு உண்மையான இடைஞ்சல் பேச்சுகள் பலவாக இருந்ததால் வரவில்லை. படிப்பு நடுவில் அறுந்து போனதாலும், இடமில்லாத வகுப்பறையாலும், "வந்தான் வரத்தான்" என்ற ஏச்சாலும் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம்.

தமிழுக்குள்ளே இரண்டு தமிழ்

வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்றதும் தமிழ், சிங்களம் என்றுதான் நினைக்கிறோம். தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் உண்டு.

1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களால் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்கள் பல. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று சிதறிக் குடியேறினார்கள். அங்கே பள்ளிக்கூடம் போன நம் பிள்ளைகள் "பேசுறோம்" என்றார்கள். பக்கத்துப் பிள்ளை "கதைக்கிறம்" என்றது. நாம் "அழகா இருக்கு" என்றால் அவர்கள் "வடிவா இருக்கு" என்பார்கள். நமக்கு "வெரசா வா", அவர்களுக்கு "கெதியா வா". நமக்கு "புரியுதா", அவர்களுக்கு "விளங்குதா". இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனாலும் "தோட்டக்காட்டான் பேச்சு" என்று கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் வாயைத் திறக்கவே பயந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார்கள். பேசாத பிள்ளையை "மந்தமான பிள்ளை" என்று எண்ணிவிடுவதும் நடந்தது.

மலையகத்திலேயே இது நடக்கிறது. "தூங்குனேன்" என்று சொல்லும் பிள்ளை "தூங்கினேன்" என்று எழுத வேண்டும். "வந்தாக" என்று சொல்லும் பிள்ளை "வந்தார்கள்" என்று எழுத வேண்டும். எந்த ஊர்த் தமிழரும் எழுதுகிற மாதிரிப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தாரும் பேசுவதில்லை, மதுரைக்காரரும் பேசுவதில்லை. ஆகவே எழுத்துத் தமிழ் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியில் கற்க வேண்டிய ஒன்று. பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் "தப்பு" என்று சொன்னால், அது அம்மாவையும் அம்மாயியையும் தப்பு என்று சொல்வதாகத்தான் பிள்ளைக்குப் படும். "வீட்டுல இப்படிச் சொல்றோம், புத்தகத்துல அப்படி எழுதுறோம்" என்று சொன்னால் போதும். பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

நம் லயத்துப் பேச்சு பல மொழிகள் கலந்து வளர்ந்த பேச்சு என்பதையும் மறக்க வேண்டாம். லயம் என்பது ஆங்கிலத்து 'லைன்'. காம்பரா போர்த்துக்கேயச் சொல். பாண், மேசை, அலுமாரி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப் போனவை. கந்தோர் ஒல்லாந்தருடையது. இத்தனையும் சேர்ந்தும் தமிழ் தமிழாகத்தான் இருக்கிறது. அதனால் பிள்ளை இரண்டொரு சிங்களச் சொல்லைக் கலந்து பேசினால் உடனே "மொழி போச்சு" என்று பதற வேண்டியதில்லை.

மேற்குக் கரை சொல்லும் பாடம்

அப்படியானால் மொழி போகவே போகாதா? போகும். எப்படிப் போகும் என்பதற்கு மன்னாருக்குத் தெற்கே அதே கரையில் ஓர் உதாரணம் இருக்கிறது.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கரையோரம் வாழும் கத்தோலிக்க மீனவர்கள் பலரின் வீட்டு மொழி தமிழாக இருந்தது. கோயிலில் செபமும் தமிழில், பள்ளிக்கூடமும் தமிழில் என்று ஒரு காலம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே பாடசாலைகள் சிங்கள மொழி மூலத்துக்கு மாறின. 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சட்டம் வந்த பிறகு இந்த மாற்றம் இன்னும் வேகமானது. செபமும் சிங்களத்துக்குப் போனது. முதல் தலைமுறை தமிழில் பேசி, தமிழிலும் சிங்களத்திலும் வாசித்தது. அடுத்த தலைமுறை தமிழில் பேசி, சிங்களத்தில் மட்டும் வாசித்தது. அதற்கடுத்த தலைமுறையில் பல வீடுகளில் பிள்ளைகள் தமிழைக் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள், பதில் சிங்களத்தில்தான் வரும். மீன்பிடிக் குடும்பங்கள் சிலவற்றில் தமிழ் இன்னமும் வாய்ப் பேச்சாக இருக்கிறது. எழுத்தாக இல்லை.

அதே புத்தளம் மாவட்டத்தில் சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்ற ஊர் இருக்கிறது. அதுவும் மீனவ ஊர்தான். சுற்றிலும் சிங்களம் பேசும் ஊர்கள். ஆனால் உடப்பில் பாடசாலை தமிழில் நடக்கிறது. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவும் தீமிதிப்பும் தமிழில் நடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் சந்தையில் சிங்களம் பேசத் தெரியாதவர்கள் அல்ல. பேசுகிறார்கள். வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் தமிழுக்கு வேலை இருப்பதால் தமிழும் நிற்கிறது.

இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இன்னொரு மொழி உள்ளே வந்ததால் மட்டும் ஒரு மொழி வெளியே போய்விடுவதில்லை. வாசிக்க, எழுத, கும்பிட, கதை சொல்ல அதற்கு இடம் இல்லாமல் போனால்தான் போகிறது. அதற்கு மூன்று தலைமுறை போதும். நீர்கொழும்பு மக்களை இதற்காக யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் அவர்களும் முடிவெடுத்தார்கள். ஆனால் அந்த முடிவின் விலை பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் தெரிந்தது.

இரண்டு மொழி மூளைக்குப் பாரமா?

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில் வீட்டில் வெல்ஷ் மொழியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த பிள்ளைகளை 1923ஆம் ஆண்டு ஒருவர் சோதித்துப் பார்த்து, நாட்டுப்புறத்து இருமொழிப் பிள்ளைகளின் புத்தி குறைவாக இருக்கிறது என்று எழுதினார். உலகமெல்லாம் ஆசிரியர்கள் அதை நம்பினார்கள். வீட்டில் தாய்மொழி பேசாதீர்கள் என்று பெற்றோருக்குச் சொன்னார்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு பிழை இருந்தது. ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. வறுமையின் பாரத்தை மொழியின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

1962ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரத்தில் பீல், லாம்பேட் என்ற இருவர் பத்து வயதுப் பிள்ளைகளை மறுபடி சோதித்தார்கள். இந்த முறை ஒரே மாதிரியான வீட்டு வசதி உள்ள பிள்ளைகளையே ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் ஒரு மொழி மட்டும் தெரிந்த பிள்ளைகளைவிடக் குறையவில்லை. பல சோதனைகளில் கூடுதலான புள்ளி எடுத்தார்கள். ஆகவே இரண்டு மொழி மூளைக்குப் பாரம் என்பது பழைய கதை. இப்போது அதை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் வேறொரு விஷயம் இருக்கிறது. அதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் கமின்ஸ் என்ற கல்வியாளர் பிள்ளையின் மொழியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று விளையாட்டு மொழி. பந்தைக் கொடு, வா போவோம், பசிக்குது என்பது போன்ற பேச்சு. புது மொழியில் இது ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வந்துவிடும். மற்றது பாட மொழி. நீர் ஆவியாகி மேகமாவது எப்படி, பின்னத்தைக் கூட்டுவது எப்படி, அரசன் ஏன் தோற்றான் என்று வாசித்து விளங்கி எழுதும் மொழி. இதில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம்.

நாம் ஏமாறும் இடம் இதுதான். பிள்ளை சிங்களப் பாடசாலைக்குப் போய் இரண்டாம் வருடமே சரளமாகப் பேசுகிறது. அப்பா பெருமைப்படுகிறார். ஆசிரியரும் "நல்லாக் கதைக்கிறான்" என்கிறார். நாலாம், ஐந்தாம் ஆண்டில் பாடம் கனக்கும்போது புள்ளி சட்டென்று விழுகிறது. "சோம்பேறி, விளையாட்டுப் புத்தி" என்று அடி விழுகிறது. பிள்ளை சோம்பேறி அல்ல. விளையாட்டு மொழி வந்துவிட்டது, பாட மொழி இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

கமின்ஸ் சொன்ன இன்னொன்று நமக்கு ஆறுதலானது. ஒரு மொழியில் நன்றாக வாசித்து யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு அந்தத் திறமை அடுத்த மொழிக்கும் கூட வரும். கூட்டல் கணக்கைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை அதைச் சிங்களத்தில் மறுபடி விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. சொற்களை மட்டும் படித்தால் போதும். யுனெஸ்கோ நிறுவனமும் 1953ஆம் ஆண்டிலேயே, பிள்ளைக்குப் படிப்பைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று சொல்லிவிட்டது.

சிங்களம் நமக்கு எவ்வளவு தூரம்?

சகோதர மொழியைக் கற்பது நம் பிள்ளைக்கு மலையேற்றம் அல்ல. "மம கெதர யனவா" என்றால் "நான் வீட்டுக்குப் போறேன்." மம - நான், கெதர - வீட்டுக்கு, யனவா - போறேன். சொற்கள் வரிசை மாறாமல் நிற்கின்றன. இரண்டு மொழியிலும் வினை கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் இந்த வரிசை புரண்டுவிடும். அதனால்தான் அது கடினமாகத் தெரிகிறது.

எழுத்திலும் ஒற்றுமை உண்டு. மெய்யெழுத்தோடு கால், கொம்பு சேர்த்து உயிர்மெய் ஆக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. தடுமாற்றம் வரும் இடம் வேறு. "பாண்" என்ற சொல்லின் முதல் ஒலியும் "பஸ்" என்ற சொல்லின் முதல் ஒலியும் ஒன்றல்ல. சொல்லிப் பாருங்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ப எழுதுகிறோம். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. க, த, ட ஆகியவற்றுக்கும் இப்படித்தான். தமிழ்ப் பிள்ளை சொல்வதெழுதுதலில் பிழை விடுவது பெரும்பாலும் இங்கேதான். இதைத் தெரிந்துகொண்டால் திட்டுவதற்குப் பதில் உதவி செய்யலாம்.

எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?

இந்த உரிமை எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ்த் தோட்டப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று தோட்ட நிர்வாகங்கள் பொறுப்பாக்கப்பட்டன. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி என்றுதான் நீண்ட காலம் நடந்தது. நாட்டுக்கு 1945இல் வந்த இலவசக் கல்வி, தோட்டப் பிள்ளைக்கு முழுமையாகக் கிடைக்க 1970களின் பிற்பகுதி வரை, அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் இரண்டில் ஒன்றில் கல்வி பெறும் உரித்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். எங்கள் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறோம். தமிழ்ப் பாடசாலை எட்டும் தூரத்தில் இருந்து, அங்கே ஆசிரியர்களும் இருந்தால், ஆரம்ப வகுப்புகளைத் தமிழில் படிக்க வைப்பது நல்லது. அங்கே சிங்களத்தை இரண்டாம் தேசிய மொழியாகச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பாடத்தைப் "பாஸ் பண்ணாட்டியும் பரவாயில்ல" என்று விட்டுவிட வேண்டாம். சிங்களம் சொல்லித்தர ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் சேர்ந்து அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. தமிழில் மேற்படிப்புக்கு வழியே இல்லாத தோட்டங்கள் இருக்கின்றன. பெண் பிள்ளையை இரண்டு பஸ் மாற்றி அனுப்பப் பயப்படும் தாய்மார் இருக்கிறார்கள். அது நியாயமான பயம். சிங்களப் பாடசாலையில் சேர்த்த பெற்றோர் குற்றம் செய்தவர்கள் அல்ல. அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: பள்ளி சிங்களத்தைப் பார்த்துக்கொள்ளும், தமிழை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சுத் தமிழ் மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும். ஐந்தாம் ஆண்டு வரை தமிழில் படித்த பிள்ளைக்கு எழுத்து ஏற்கனவே தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் வாசித்தாலே அது மறக்காது. முதலாம் ஆண்டிலேயே சிங்களத்தில் சேர்ந்த பிள்ளைக்கு யாராவது அ, ஆ சொல்லித்தர வேண்டும். கோயில் மண்டபத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ லயத்துப் படித்த பெண்ணைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் நடத்தினால் போதும்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்க வேண்டாம்

இன்னொரு விஷயம். பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள்.

சிங்களம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் எல்லாத்துக்கும் அந்தப் பிள்ளையைத்தான் கூட்டிப் போகிறோம். பிரதேச செயலகம், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் பத்து வயதுப் பிள்ளை நடுவில் நின்று பேசுகிறது. கடைக்குப் போய்ப் பேசட்டும், தப்பில்லை. ஆனால் அம்மாவுக்கு இரத்தப்போக்கு, அப்பாவுக்குப் புற்றுநோய் என்று டொக்டர் சொல்வதைப் பிள்ளை வாயால் கேட்பது நியாயமா? அந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாது. தெரிந்தாலும் சொல்லப் பயப்படும். பாதியை விட்டுவிடும். மருந்தை எத்தனை நேரம் குடிக்க வேண்டும் என்பது மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்குப் பள்ளியும் போகிறது.

தமிழில் சேவை பெறுவது நம் உரிமை. நுவரெலியா, அம்பகமுவ உட்பட மலையகத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. 2007ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. நடைமுறையில் குறை இருந்தால் முறையிட 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. "தமிழ் தெரிஞ்ச ஒருத்தரக் கூப்பிடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தலைவரையோ, நலன்புரி உத்தியோகத்தரையோ, வளர்ந்த ஒருவரையோ கூட்டிப் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

பணம் செலவில்லாமல் ஒவ்வொரு லயத்திலும் செய்யக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறோம்.

1. பிள்ளையோடு நிறையப் பேசுங்கள். மலையில் நடந்ததைச் சொல்லுங்கள். கொழுந்து ஏன் இந்த மாதம் குறைந்தது, கவ்வாத்து வெட்டினால் செடி எப்படித் திரும்பத் துளிர்க்கும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொல்லிப் பேசிப் பழகிய பிள்ளைக்குப் பாட மொழி சீக்கிரம் வரும். அதை எந்த மொழியில் பழகினாலும் பலன்தான்.

2. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். பிள்ளைக்குச் சிங்களம் வரட்டும் என்று தெரியாத சிங்களத்தில் பேச வேண்டாம். அரைகுறையாகப் பத்துச் சொல் பேசுவதைவிட முழுசாக நூறு சொல் தமிழில் பேசுவது மேல்.

3. பிள்ளை சிங்களத்தில் பதில் சொன்னால் அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். நீங்கள் அதையே தமிழில் திருப்பிச் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள். "வதுர" என்று பிள்ளை கேட்டால் "தண்ணியா வேணும்? இந்தா தண்ணி" என்று கொடுங்கள். அதுவே பாடம்.

4. பாட்டி, தாத்தா கதை சொல்லட்டும். பொன்னர் சங்கர் கதை, காமன் கூத்து, ஊரிலிருந்து வந்த கதை எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதும்படி பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். பேச்சும் எழுத்தும் அந்தக் கொப்பியில் சேரும்.

5. வீட்டில் வாசிக்க ஏதாவது இருக்கட்டும். பழைய பேப்பர், கோயில் நோட்டீஸ், சம்பளத் துண்டு எதுவானாலும் சரி. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் "எனக்கு வாசிச்சுக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை வாசிக்கும்.

6. சிங்களப் பாடசாலையில் புள்ளி விழுந்தால் உடனே பிள்ளையைக் குறை சொல்லாமல் எந்தச் சொல் விளங்கவில்லை என்று கேளுங்கள். பாடத்தை முதலில் தமிழில் விளங்கப்படுத்தி, பிறகு சிங்களச் சொல்லைக் கற்றுக்கொள்ளட்டும்.

முடிவாக

அந்தத் தாய் எங்களிடம் விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார். "புள்ள நாளைக்குப் பெரிய ஆபீசுல உக்காந்தாலும், எங்கம்மா செத்தா ஒப்பாரி என்ன சொல்லுதுன்னு அதுக்கு வெளங்கணுமுங்க."

பெரியமடுவை விட்டுப் போன மக்கள் கையில் எதையும் எடுத்துப் போக முடியவில்லை. பேச்சை எடுத்துப் போனார்கள், அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள், அதோடு ஊர் திரும்பினார்கள். நம் முன்னோரும் மன்னார்க் கரையில் இறங்கியபோது அப்படித்தான் இறங்கினார்கள். அந்தச் சொத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். சகோதர மொழியையும் ஆங்கிலத்தையும் பிள்ளை அதன் மேல் சம்பாதித்துக்கொள்ளட்டும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம் என்பதே எமது வேண்டுகோள்.